பூட்டிய வீட்டின் பாக்கி, திறந்த கடையின் தலையிலா?



ராயபுரத்தில் என் மளிகைக் கடை இருக்கும் கட்டடத்தில் கீழே இரண்டு கடைகள், மாடியில் ஒரு வீடு. கடைகள் இரண்டும் காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் சாத்தப்படும். மாடி வீடோ பதினோரு வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. கட்டடத்தைக் கட்டிய பெரியவர் காலமான பிறகு, பிள்ளைகள் ஐந்து பேருக்குள் பங்கு தீரவில்லை. ஒருவர் கோவையில், ஒருவர் வெளிநாட்டில், உள்ளூரில் இருக்கும் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வாடகையை மட்டும் மூத்தவர் வாங்கிக் கொள்கிறார். நானும் பக்கத்துக் கடைக்காரரும் ஐந்தாம் தேதிக்குள் வாடகையைக் கொடுத்துவிடுவோம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

ஒரு நாள் காலை கடை திறக்கப் போனால் ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சொத்துவரி பல அரையாண்டுகளாகக் கட்டப்படவில்லை, குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் கடைக்குச் சீல் வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. கட்டடம் முழுவதற்கும் ஒரே வரி எண். ஆகவே மாடியில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பாக்கியும் அதில் சேர்ந்திருந்தது. வந்த அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மரியாதையாகவே பேசினார், சட்டப்படியான தம் கடமையைச் செய்தார்.

வீட்டுக்காரரிடம் ஓடினேன். "பங்கு தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியிருந்த சமயம். கடை பத்து நாள் மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்று இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் பக்கத்துக் கடைக்காரரும் கைமாற்று வாங்கிப் பணத்தைக் கட்டினோம். பிறகு, வாடகையில் கழித்துக் கொள்கிறோம் என்றபோது, "அண்ணாச்சி, வாடகை வேறு, வரி வேறு, உங்களை யார் கட்டச் சொன்னது?" என்று கேட்டார். ஒன்பது மாதம் நடந்து பாதிப் பணம்தான் தேறியது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். வரி கட்டாதவர் ஒருவர், கடையை இழக்கும் நிலையில் நிற்பவர் இன்னொருவர். இது எனக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று எங்கே விசாரித்தாலும் நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்களே. ஆகவே நகரங்கள் வரி பாக்கியை எப்படி வசூலிக்க வேண்டும், பூட்டிய வீடுகளை என்ன செய்ய வேண்டும் என்பது வீட்டுக்காரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. அது நம் பிரச்சினை.

பாக்கியால் யாருக்கு நஷ்டம்?

வரியை ஏற்றினால் எதிர்க்கும் நாமே, வரியை ஒழுங்காக வசூல் செய் என்று சொல்லலாமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அதனால்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. வர வேண்டிய பாக்கி வராதபோது, ஒழுங்காகக் கட்டுகிறவன் தலையில்தான் அடுத்த உயர்வு ஏறும்.

நடந்ததைத் திரும்பிப் பாருங்கள். சென்னையில் 1998-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018-இல் ஒரேயடியாக உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பவே 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மீண்டும் உயர்வு வந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம், வணிகக் கட்டடங்களுக்கும் 150 சதவீதம். சொத்துவரிக்கு அடிப்படை விகிதம் அறிவித்து, வசூலையும் ஆண்டுதோறும் பெருக்கினால்தான் நகரங்களுக்கு மத்திய மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையும் இதற்கு ஒரு காரணம். 2024-இல் மேலும் 6 சதவீதம் கூடியது. இந்த உயர்வுகள் கட்டுகிறவர்களைத்தான் சுட்டன. கட்டாதவருக்கு நூறு ரூபாய் பாக்கி என்பது இருநூறு ரூபாய் பாக்கி ஆனது, அவ்வளவே.

வடசென்னையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்த காலத்திலிருந்தே ரயில்வே, துறைமுகம், பிறகு பெரிய ஆலைகள், மின் நிலையங்கள் என்று நம் நிலத்தில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. மத்திய அரசின் சொத்துக்கு அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி வரி கிடையாது. வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் கொடுப்பதென்று 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவாயிற்று. ஆகவே முழு வரி கட்ட வேண்டிய வீடுகளும் கடைகளும் மற்றப் பகுதிகளைவிட இங்கே குறைவு. அந்தக் குறைவான வீடுகளிலும் பல பூட்டிக் கிடந்து பாக்கி வைத்தால், மீதிப் பேர் எவ்வளவுதான் சுமப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் புகுந்ததை மறந்துவிடவில்லை. வடிகால் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. வடிகாலுக்குப் பணம் வரும் வழியைச் சொல்லும் கடமையும் இருக்கிறது.

ஒரு பேரேட்டுக் கணக்கு

விதிகள் நமக்குத் தெரிந்தவைதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. அரையாண்டு பிறந்து முப்பது நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ. 5,000 ஊக்கத்தொகை. தவறினால் 2023-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி மாதம் 1 சதவீதம் தனி வட்டி.

அரையாண்டுக்கு ரூ. 3,000 வரி உள்ள ஒரு சாதாரண வீட்டை எடுத்துக் கொள்வோம். வாரிசுத் தகராறில் அது பத்து வருடம் பூட்டிக் கிடந்தால், அசல் மட்டும் ரூ. 60,000. வட்டி ஏறத்தாழ ரூ. 35,000. ஆக ஒரு லட்சத்தை நெருங்குகிறது. இது தவிர, குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய குடிநீர், கழிவுநீர் வரி தனி. முதல் வருடத்தில் ஆறாயிரம் கட்டியிருக்கக்கூடியவர்கள், பத்தாவது வருடத்தில் லட்ச ரூபாய் என்றதும் "எனக்கென்ன, என் பங்கு ஐந்தில் ஒன்றுதானே" என்று ஒதுங்கி விடுகிறார்கள். வட்டி என்பது அவசரப்படுத்துவதற்காக வந்தது. ஓர் எல்லையைத் தாண்டினால் அதுவே கட்டாமல் இருப்பதற்குக் காரணமாகி விடுகிறது.

நாம் நஷ்டப்படுவது வரியில் மட்டுமல்ல. என் கடைக் கணக்கில் ஒரு குடித்தனம் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் சாமான் வாங்குகிறது. அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய், சோப்பு, பிள்ளைகளுக்குப் பிஸ்கெட். ஒரு தெருவில் பத்து வீடு பூட்டிக் கிடந்தால் அந்தத் தெருக் கடைக்கு மாதம் ஐம்பதாயிரம், வருடம் ஆறு லட்ச ரூபாய் வியாபாரம் இல்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31-ஆம் தேதி மூடப்பட்டது. அப்படி ஒரு வேலைத்தலம் போகும்போது குடித்தனங்களும் கூடவே போகும் என்பதைக் கத்திவாக்கம் வியாபாரிகளுக்கு யாரும் விளக்க வேண்டாம். வேலை போனதால் காலியான வீட்டை நம்மால் நிரப்ப முடியாது. தகராறால் பூட்டிய வீட்டையாவது திறக்க வழி பார்க்கலாம் அல்லவா?

நம் கடன் நோட்டு சொல்லும் பாடம்

கடன் வசூல் என்றால் என்ன என்று நமக்குப் பாடம் நடத்த யாரும் தேவையில்லை. நம் கடன் நோட்டில் மூன்று வகைப் பெயர்கள் இருக்கும். கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாதவர் ஒரு வகை. கையில் இருந்தும் கொடுக்க மனமில்லாதவர் ஒரு வகை. யார் கொடுப்பது என்று வீட்டுக்குள்ளேயே தீராத குடும்பம் மூன்றாவது வகை. மூவரிடமும் ஒரே மாதிரி கேட்கிற மளிகைக் கடைக்காரன் கடையை நடத்த முடியாது.

கஷ்டப்படுகிறவரிடம் "மாதம் இருநூறு கொடுங்கள், சாமானை நிறுத்த மாட்டேன்" என்போம். ஏய்க்கிறவரிடம் கண்டிப்பாக இருப்போம். மூன்றாவது வகைக் குடும்பத்தில் பெரியவர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துப் பேசுவோம். நகரத்தின் வரி வசூலும் இப்படித்தான் பிரிந்து நடக்க வேண்டும். இப்போதோ, ஓய்வூதியத்தில் வாழும் விதவைத் தாய்க்கும், மண்டபம் வைத்து லட்சக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவருக்கும் வருவது ஒரே வாசகமுள்ள நோட்டீஸ். பெரும் பாக்கிதாரர் பட்டியலை வெளியிடுவதையும், கட்டடங்களுக்குச் சீல் வைப்பதையும் சென்னை பார்த்திருக்கிறது. பட்டியல் வெளியிடுவது நல்லதே. ஏய்க்கிறவருக்கு அது உறைக்கும். ஆனால் இல்லாதவரை அவமானப்படுத்துவதால் காசு முளைக்காது. வாரிசுத் தகராறும் தீராது.

ஷட்டர் வேண்டாம், வாடகையைப் பிடியுங்கள்

வாடகைக் கடை விஷயத்துக்கு வருவோம். சொத்துவரி என்பது கட்டடத்தின் மீதே ஏறி நிற்கும் முதல் பொறுப்பு என்பது பழைய 1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம் காலத்திலிருந்தே உள்ள கொள்கை. அந்தக் கட்டடத்தை விற்றாலும் பாக்கி கூடவே போகும். அப்படியிருக்க, பணம் எங்கே போய்விடப் போகிறது? அவசரம் என்றால் வாடகைதாரரின் கடையை மூடுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது.

1957-ஆம் ஆண்டு டில்லி மாநகராட்சிச் சட்டத்தைப் பாருங்கள். வீட்டுக்காரர் வரி பாக்கி வைத்தால், கமிஷனர் குடியிருப்பவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். இனி தர வேண்டிய வாடகையை, பாக்கி தீரும் வரை மாநகராட்சியிடமே கட்டு என்று அதில் சொல்லலாம். அந்த நோட்டீஸே வாடகை ஜப்தியாகிவிடும். அதாவது கடை திறந்திருக்கும். வியாபாரம் நடக்கும். வாடகை மாதா மாதம் வரிக் கணக்கில் ஏறும். வீட்டுக்காரர்தான் தம் வாடகை ஏன் வரவில்லை என்று ஓடி வருவார். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

கடைக்குச் சீல் வைத்தால் என்ன நடக்கிறது? கடைக்காரனுக்கு வருமானம் போகிறது. வருமானம் இல்லாதவன் வாடகை கொடுப்பதில்லை. வாடகை வராத வீட்டுக்காரர் வரி கட்டுவதில்லை. மாநகராட்சிக்கும் ஒன்றும் வருவதில்லை. பால் தரும் பசுவைக் கட்டிப் போட்டுப் பட்டினி போடும் கதைதான். ஆகவே வாடகைக்கு விடப்பட்ட கட்டடங்களில் முதல் நடவடிக்கை வாடகை ஜப்தி என்றும், சீல் என்பது வீட்டுக்காரரே நடத்தும் வணிகத்துக்கும், வாடகை ஜப்திக்கு ஒத்துழைக்காதவருக்கும் மட்டும் என்றும் விதியில் தெளிவாக எழுதப்பட வேண்டும். வாடகைதாரர் வரி கட்டினால் அந்த ரசீதே வாடகை கொடுத்ததற்குச் சமம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் ஒன்பது மாதம் நடந்திருக்க மாட்டேன்.

கட்டடத்தில் தனித்தனியாக இருக்கும் பகுதிகளுக்குத் தனித்தனி வரி எண் கேட்டால் சுலபமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. மாடியின் பூட்டு கீழ்க்கடையின் கழுத்தில் தொங்கக்கூடாது.

பூட்டு ஏன் விழுகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. ஒரு பக்கம் குடியிருக்க இடமில்லாமல் மக்கள் தவிக்கிறார்கள். மறுபக்கம் இத்தனை பூட்டுகள். இதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதல் காரணம் பயம். வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்குகள் அந்தப் பயத்தை வளர்த்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு என்று ஏற்பாடு மாறிவிட்டது. ஆனால் நம் பகுதியில் இன்றும் பல வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. வாய்ச்சொல்லில் நடக்கும் வாடகைதான் அதிகம். அது இரு தரப்புக்கும் ஆபத்து.

இரண்டாவது காரணம் ஆசை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தபிறகு, பூட்டி வைத்தாலே விலை ஏறும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு இரக்கம் தேவையில்லை.

மூன்றாவது காரணம்தான் வடசென்னையின் பழைய தெருக்களில் அதிகம் நான் காண்பது. பங்கு தீராத சொத்து. பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், வரி ரசீது பாட்டி பெயரில் இருக்கும், வாரிசுகள் ஏழு ஊரில் இருப்பார்கள். பெயர் மாற்றக்கூட எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முறைத்தால் போதும், வீடு இடிகிற வரை பூட்டுதான்.

மற்ற நாடுகளும் இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. ஜப்பானில் வீடு நிற்கும் சிறு மனைக்கு ஆறில் ஒரு பங்கு மதிப்பில் மட்டும் நிலவரி போடுவது வழக்கம். வீட்டை இடித்தால் வரி கூடும் என்பதால், யாரும் வாழாத பாழடைந்த வீட்டைக்கூட விட்டு வைத்தார்கள். 2015-இல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து, ஆபத்தான காலி வீட்டுக்கு அந்தச் சலுகையைப் பறித்தார்கள். இருந்தும் 2023 கணக்கெடுப்பில் அங்கே காலி வீடுகள் சுமார் 90 லட்சம். இங்கிலாந்தில் நீண்ட நாள் காலியாக உள்ள வீட்டுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கவும், பத்தாண்டு தாண்டினால் நான்கு மடங்காக்கவும் நகரசபைக்கு அதிகாரம் உண்டு. அதோடு 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் இன்னொரு வழியும் வைத்தார்கள். காலி வீட்டை நகரசபையே நிர்வாகத்துக்கு எடுத்து, வாடகைக்கு விட்டு, செலவு போக மீதியை உரிமையாளருக்குத் தரலாம். சொத்து அவருடையதே, சாவி மட்டும் சிறிது காலம் நகரசபையிடம்.

நம் பழைய 1919 சட்டமோ இதற்கு நேர்மாறு. ஓர் அரையாண்டில் தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் காலியாக இருந்த கட்டடத்துக்கு வரியில் பாதி வரை கழிவு தரலாம் என்றது. குடித்தனக்காரர் கிடைக்காமல் தவித்தவருக்கு அது நியாயமான சலுகைதான். ஆனால் ஒரு மாதம் குடித்தனக்காரர் கிடைக்காமல் காலியாக இருப்பதும், பத்து வருடம் வேண்டுமென்றே பூட்டி வைப்பதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சலுகை, பின்னதற்குக் கூடுதல் வரி என்பதே முறை.

தள்ளுபடி எவ்வளவு தூரம்?

பழைய வட்டியைத் தள்ளுபடி செய்தால் பாக்கி வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஓரளவு உண்மை. ஐதராபாத் மாநகராட்சி, அசலை ஒரே தவணையில் கட்டினால் வட்டியில் 90 சதவீதம் தள்ளுபடி என்று 2020-இல் அறிவித்தது. பணம் வந்தது. பிறகு 2022-லும் 2024-லும் மீண்டும் அதே அறிவிப்பு. ஒருமுறை என்று சொல்லிவிட்டு மறுபடி மறுபடி கொடுத்தால், ஏப்ரலிலேயே வரி கட்டியவன்தான் ஏமாளி என்றாகிவிடும். ஆடித் தள்ளுபடி வருடா வருடம் வரும் என்று தெரிந்தால், ஆனி மாதம் துணி வாங்குவார் யாராவது உண்டா?

நமக்கே ஒரு முன்மாதிரி உண்டு. ஜி.எஸ்.டி.க்கு முந்தைய விற்பனை வரி, வாட் நிலுவைகளுக்காக 2023 அக்டோபரில் தமிழக அரசு சமாதானத் திட்டம் கொண்டு வந்தபோது, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு நிலுவைகளை முழுவதும் தள்ளுபடி செய்தது. பெரிய நிலுவைகளுக்கு அளவுக்கேற்ற சலுகை. சிறியவருக்கு விடுதலை, பெரியவருக்குக் கணக்கு என்ற அந்த நியாயம் சொத்துவரி வட்டிக்கும் பொருந்தும். ஒரே ஒரு முறை, கெடு வைத்து, சிறு வீடுகளுக்கும் வாரிசுச் சொத்துகளுக்கும் மட்டும்.

கண்டிப்புக்கும் எல்லை வேண்டும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். மினசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வீட்டுக்கு 2,300 டாலர் வரி பாக்கி. வட்டியும் அபராதமும் சேர்ந்து அது 15,000 டாலர் ஆயிற்று. ஹென்னபின் வட்டார நிர்வாகம் வீட்டை 40,000 டாலருக்கு விற்று, முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டது. 2023 மே மாதம், அவருக்கு 94 வயதானபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: பாக்கிக்கு மேல் ஒரு காசு எடுப்பதும் தவறு. நூறு ரூபாய்க் கடனுக்கு ஆயிரம் ரூபாய் அண்டாவைத் தூக்கிப் போகலாகாது என்று நம் தெருப் பஞ்சாயத்தில் சொல்வதும் இதுதான்.

நம் பக்கத்துக் குறை

ஊருக்கு உபதேசம் செய்யும்போது நம் முதுகையும் பார்த்துக் கொள்ள வேண்டும். வீடு என்று கணக்குக் காட்டி அதில் கிடங்கு நடத்துபவர்கள் நம்மில் இல்லையா? கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபிறகு பூட்டிய கிடங்குகளை, இன்னும் நல்ல விலைக்குக் காத்திருந்து பூட்டியே வைத்திருப்பவர்கள் இல்லையா? நாமே வீட்டுக்காரராக இருக்கும் இடத்தில் வாடகைக்கு ரசீது கொடுக்கிறோமா? நம் கடை சுத்தமாக இருந்தால்தான் எதிர்க்கடையைப் பற்றிப் பேச முடியும்.

கடை எடுக்கும்போதும் நாம் விழித்துக் கொள்ள வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு, பகடி எவ்வளவு என்று கேட்கிறோம். கடைசியாக எந்த அரையாண்டு வரை வரி கட்டியிருக்கிறது என்று கேட்பதில்லை. வரி எண்ணை வாங்கி மாநகராட்சியின் இணையத்தில் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் "சொத்துவரி வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் கட்டத் தவறி வாடகைதாரர் கட்டினால் வாடகையில் கழித்துக் கொள்ளலாம்" என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பதிவு செய்தால் போதும். நான் எழுதாமல் விட்டதால் பட்டேன். நீங்கள் படக்கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

சங்கத்தின் பரிசீலனைக்கு நான் வைக்கும் யோசனைகள் இவை.

ஒன்று: வாடகைக் கட்டடங்களில் சீலுக்கு முன் வாடகை ஜப்தி. வாடகைதாரர் கட்டிய வரி, வாடகையில் கழியும் என்று சட்டப் பாதுகாப்பு.

இரண்டு: சொந்தக் குடியிருப்பில் வாழும் முதியோர், விதவையர், வேலை இழந்தோருக்கு மாதத் தவணை. தவணை தவறாத வரை மேல் வட்டி இல்லை.

மூன்று: பங்கு தீராத சொத்தில் வாரிசுகளில் யார் வேண்டுமானாலும், பெயர் மாற்றத்துக்குக் காத்திராமல், வரி கட்டி ரசீது வாங்க வசதி. கட்டியவருக்குப் பங்கு பிரிக்கும்போது அந்தத் தொகை திரும்பக் கிடைக்க வழி.

நான்கு: மண்டலந்தோறும் வருடத்தில் இரண்டு முறை வாரிசுச் சொத்து முகாம். வருவாய்த் துறை, பதிவுத் துறை, மாநகராட்சி, குடிநீர் வாரியம், இலவச சட்ட உதவி மையம் எல்லாம் ஒரே பந்தலில் உட்கார வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு ரூ. 25,000 ஆக இருந்தது, 2023 ஜூலையில் ரூ. 40,000 ஆனது. முகாமில் தீரும் பழைய பாக்கிச் சொத்துகளுக்குப் பழைய வரம்பையே கொடுத்தால் என்ன? அரசுக்குப் போவது சிறிது, திறக்கும் வீடுகள் பல.

ஐந்து: மூன்று வருடம் பூட்டியும், வரி கட்டாமலும், நோட்டீசுக்குப் பதில் இல்லாமலும் கிடக்கும் வீட்டை மாநகராட்சி தற்காலிக நிர்வாகத்தில் எடுத்து, பழுது பார்த்து, வாடகைக்கு விட வேண்டும். வரியும் செலவும் போக மீதி வாரிசுகள் பெயரில் வங்கியில் இருக்கட்டும். சொத்துரிமை போகாது. யாராவது வந்து கணக்குத் தீர்த்தால் சாவி அவர் கையில்.

இந்த ஐந்தாவது யோசனையில் ஆபத்து இல்லாமல் இல்லை. சாவி மாநகராட்சியிடம் போனால் சிபாரிசுக்காரர் குடியேறி விடுவார் என்று பயப்படுவது நியாயமே. அதனால்தான் ஏலமுறையில் வாடகை, வருடா வருடம் வெளியிடப்படும் கணக்கு, வட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு, அதில் வணிகர் சங்கப் பிரதிநிதி ஒருவர் என்று நிபந்தனை வைக்கச் சொல்கிறேன். இங்கிலாந்து நகரசபைகளே தங்களுக்குள்ள அதிகாரத்தை அபூர்வமாகத்தான் பயன்படுத்தின. அதுபோதும். சாவி கைமாறும் என்று தெரிந்தாலே பாதி வாரிசுகள் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்த மே 5 வணிகர் தினக் கூட்டத்தில் நம் பகுதிச் சங்கங்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும். வட்ட உறுப்பினர், மண்டலத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் மூவரிடமும் நகல் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வோர் உறுப்பினரும் தம் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிச் சங்கத்தில் கொடுத்தால், கையில் கணக்கோடு பேசலாம். கணக்கோடு பேசும் வணிகனை யாரும் அலட்சியம் செய்ய முடியாது.

என் கடைக்கு மேலே அந்த மாடி வீடு இன்றும் பூட்டித்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் தண்ணீர் என் சர்க்கரை மூட்டை மேல் சொட்டுகிறது. ஒரு காலத்தில் அந்த வீட்டம்மாள் மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கி, "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு" என்று கேட்பார். அந்தக் கூடை மறுபடி இறங்கும் நாள் வந்தால், வரியும் தானாக வரும், வியாபாரமும் வரும்.